கோரிப்பாளையம், கோரிப்பாளையம், கோரிப்பாளையம்: ஒரு வார்னிங் பிறந்த கதை

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடி அறையில் மாலை நேரங்களில் பொறியியல் மாணவர்களுக்கு நிரல் எழுதச் சொல்லித் தருகிறேன். பைத்தானில் ஜன்னலும் பட்டனும் வைத்துப் பழகும் கட்டம் வந்துவிட்டால் ஒரு பிழை தவறாமல் வந்து நிற்கும். அண்மையில் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் நகரப் பேருந்துக்காக ஒரு சின்னத் திரை செய்தார். சிம்மக்கல், யானைக்கல், கோரிப்பாளையம் என்று நிறுத்தங்களின் பட்டியல். அதன் மேல் ஒரு லூப். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் அந்த நிறுத்தத்தின் பெயரைக் காட்டவேண்டும். அதற்கு ஒரு வரி லாம்டா. பட்டன்களின் மேல் பெயர்கள் சரியாகத்தான் இருந்தன. அழுத்திப் பார்த்தால் மூன்றும் ‘கோரிப்பாளையம்’ என்றன.

“சார், ஓடுதுல்ல? ஒரு எரரும் வரலையே. தப்புன்னா ஒரு வார்னிங்காச்சும் குடுத்திருக்கலாம்ல?” என்று கேட்டார்.

கேட்டது நியாயம். அந்த வார்னிங் பல மொழிகளில் உண்டு. பைத்தானில்தான் தானாக வராது. அது பிறந்து வளர்ந்த கதை அறுபது ஆண்டு நீளமானது. கம்பைலர் பாடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துபோகும் பகுதிதான் அதன் வேர் என்பதால், அதை முழுதாகச் சொல்லிவிட நினைக்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். லாம்டா என்பது பெயர் வைக்காமல் அங்கேயே எழுதி, பிறகு எப்போதோ ஓடவிடும் ஒரு குட்டி ஃபங்க்ஷன். தனக்கு வெளியே இருக்கும் ஒரு வேரியபிளை அது பயன்படுத்தலாம். அப்போது அந்த வேரியபிளை லாம்டா பிடித்துவைத்துக்கொள்கிறது. இங்கேதான் சிக்கல். ஆளைக் கூட்டிப் போவதில்லை, வீட்டு விலாசத்தை மட்டும் குறித்துக்கொண்டு போகிறது. பிறகு தேடி வரும்போது அந்த வீட்டில் வேறொருவர் குடியிருக்கலாம். வீடே இடிக்கப்பட்டிருக்கலாம். அல்லது அதே நேரத்தில் இன்னொருவர் உள்ளே புகுந்து சாமான்களை மாற்றிக்கொண்டிருக்கலாம். மாணவிக்கு நேர்ந்தது முதல் வகை. மூன்று பட்டன்களிடமும் இருந்தது ஒரே விலாசம். லூப் முடிந்தபோது அங்கே கடைசியாகக் குடியிருந்தது கோரிப்பாளையம். லாம்டாவின் அளவுருவுக்கு அந்தப் பெயரை ஆரம்ப மதிப்பாக அந்த நொடியிலேயே கொடுத்துவிட்டால் பிழை போய்விடும். அதைச் செய்தார், போய்விட்டது.

இந்த மூன்று ஆபத்துகளையும் மொழிகள் ஒவ்வொன்றாகத்தான் கண்டுகொண்டன.

லாம்டா என்ற குறி அலோன்சோ சர்ச் 1930-களில் தாளில் எழுதிய கணிதத்திலிருந்து வந்தது. எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி 1958-ல் லிஸ்ப் மொழியைத் தொடங்கியபோது அந்தக் குறியை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஜேம்ஸ் ஸ்லாகிள் என்ற மாணவர் ஒரு புகாரோடு வந்தார். ஸ்லாகிள் பார்வையற்றவர், கணிதத்தில் தொகையீடு போடும் ‘செயின்ட்’ என்ற நிரலை எழுதி 1961-ல் முனைவர் பட்டம் வாங்கியவர். ஒரு கோவைக்குள் தனக்கு வேண்டிய துண்டைத் தேடும் ஃபங்க்ஷன் ஒன்றை அவர் எழுதியிருந்தார். ‘இந்தப் பக்கம் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன செய்யவேண்டும்’ என்பதை ஒரு லாம்டாவாக உள்ளே அனுப்பினார். ஃபங்க்ஷன் தன்னைத்தானே மறுபடி அழைக்கும்போது உள்ளேயும் அதே பெயரில் ஒரு வேரியபிள் உருவாகும். லாம்டா தேடியது வெளியே இருந்த மதிப்பை. அதன் கைக்கு வந்ததோ உள்ளே இருந்தது. விடை தவறாக வந்தது. நிரலில் எழுத்துப்பிழை இல்லை, எரரும் இல்லை.

இதைச் சாதாரண பிழை என்றே நினைத்ததாக மெக்கார்த்தி பின்னாளில் எழுதினார். தன் லிஸ்ப் குழுவில் இருந்த ஸ்டீவ் ரஸ்ஸல் சரிசெய்துவிடுவார் என்று விட்டுவிட்டார். ரஸ்ஸல் சரியும் செய்தார். ஆனால் அதற்காக ஒரு புது உத்தியையே உருவாக்க வேண்டியிருந்தது. ஃபங்க்ஷனை மட்டும் தனியே அனுப்பாமல், அது எழுதப்பட்ட இடத்தின் சூழலையும் சேர்த்துக் கட்டி அனுப்பும் அந்த ஏற்பாட்டுக்கு ‘ஃபன்ஆர்க்’ என்று பெயர். 1964-ல் பீட்டர் லாண்டின் இந்தக் கட்டுக்கு ‘குளோஷர்’ என்று பெயரிட்டார். இன்றுவரை அந்தப் பெயர்தான். 1970-ல் ஜோயல் மோசஸ் இந்தச் சிக்கலை மட்டுமே எடுத்துக்கொண்டு ஓர் அறிக்கை எழுதினார். 1975-ல் சஸ்மனும் ஸ்டீலும் ஸ்கீம் மொழியைச் செய்தபோது, எழுதிய இடத்தின் சூழலே செல்லும் என்பது மொழியின் அடிப்படை விதியாகிவிட்டது. லிஸ்ப் வழிவந்த மொழிகளில் குப்பை அகற்றும் ஏற்பாடு இருந்ததால், யாராவது ஒருவர் கையில் விலாசம் இருக்கும்வரை வீடு இடிபடாது. இரண்டாவது ஆபத்து அங்கே எழவே இல்லை.

மறுபக்கத்தில் ஆல்கால், பாஸ்கல், சி என்று இன்னொரு குடும்பம். இவற்றில் ஒரு ஃபங்க்ஷனின் சொந்த வேரியபிள்கள் ஸ்டாக்கில் இருக்கும். ஃபங்க்ஷன் முடிந்ததும் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். உள்ஃபங்க்ஷனைக் கீழே அனுப்பலாம், ஆனால் மேலே திருப்பித் தர முடியாது என்ற கட்டுப்பாட்டில்தான் ஆல்காலும் பாஸ்கலும் நின்றன. சி மொழி ஃபங்க்ஷனுக்குள் ஃபங்க்ஷன் எழுதவே விடவில்லை, பிரச்சினையே இல்லை. ஆஹோ, சேதி, உல்மன் எழுதி 1986-ல் வந்த, அட்டையில் டிராகன் படம் போட்ட கம்பைலர் புத்தகத்தில் ‘ஆக்சஸ் லிங்க்’ என்று ஒரு பகுதி வரும். நம் மாணவர்கள் படம் போட்டு மனப்பாடம் செய்வது அதைத்தான். உள்ஃபங்க்ஷன் தன் வெளிச்சூழலைத் தேடிப் போகும் வழி அது. ஐஐடி கான்பூரில் படித்த ரவி சேதி அந்நூலாசிரியர்களில் ஒருவர். அந்தப் படத்துக்கும் பட்டன் காட்டிய கோரிப்பாளையத்துக்கும் உள்ள உறவை வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பாடம் தேர்வோடு முடிந்துபோகாது.

வார்னிங் என்ற பழக்கத்துக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. 1978-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் ‘லின்ட்’ என்ற கருவியை எழுதினார். சி கம்பைலரின் வேலை மொழிபெயர்ப்பது. விதிப்படி சரியாக இருந்தும் சந்தேகத்துக்கு இடமான வரிகளைச் சுட்டிக்காட்டுவது லின்ட்டின் வேலை. எரர் என்றால் விதிமீறல், வார்னிங் என்றால் விதிக்கு உட்பட்ட சந்தேகம். பின்னாளில் கம்பைலர்களே அந்த வேலையையும் தங்களுக்குள் எடுத்துக்கொண்டன.

இதற்கு மேல் கதை வேகம் பிடிப்பது லாம்டா பெருமொழிகளுக்குள் நுழைந்த பிறகுதான்.

ஜாவா கதவைச் சாத்தியது. 1997-ல் உள்வகுப்புகள் வந்தபோதே, வெளியே உள்ள உள்ளூர் வேரியபிளைப் பிடிக்கவேண்டுமானால் அது ‘ஃபைனல்’ ஆக இருக்கவேண்டும் என்று விதித்துவிட்டார்கள். 2014-ல் ஜாவா 8 லாம்டாவைக் கொண்டுவந்தபோது விதியைச் சற்றுத் தளர்த்தினார்கள்: ஃபைனல் என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை, நடைமுறையில் மாறாமல் இருந்தால் போதும். மாறினால் வார்னிங் இல்லை, நேரே எரர்தான். மாணவர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். ஒரே ஓர் இடமுள்ள அரே ஒன்றைச் செய்து, அதற்குள் மதிப்பைப் போட்டு மாற்றிக்கொள்வார்கள். அரேயின் பெயர் மாறவில்லை என்பதால் கம்பைலர் விட்டுவிடும். விதி எதற்காக வந்ததோ அந்த ஆபத்து அப்படியே உள்ளே வந்துவிடுகிறது.

சி ஷார்ப் திறந்தே வைத்தது. 2005-ல் பெயரில்லா ஃபங்க்ஷன்களும் 2007-ல் லாம்டாவும் வந்தன. மதிப்பைப் பிடிக்காமல் வேரியபிளையே பிடிக்கும் என்பது விதி. அது லாண்டின் காலத்து விதிதான், தவறில்லை. ஆனால் ஃபார்ஈச் லூப்பின் வேரியபிள் எல்லாச் சுற்றுகளுக்கும் ஒன்றே என்றும் 2005-ல் முடிவு செய்திருந்தார்கள். இரண்டும் சந்தித்த இடத்தில் பிழை கொட்டியது. லூப் மாற்றும் வேரியபிளை லாம்டா பிடிக்கிறது என்று ரீஷார்ப்பர் போன்ற துணைக்கருவிகள் அடிக்கோடிட்டுக் காட்டின. கம்பைலர் குழுவில் இருந்த எரிக் லிப்பர்ட் 2009-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். மொழியை மாற்றினால் பழைய நிரல்களின் நடத்தை மாறும், மாற்றாவிட்டால் புதியவர்கள் விழுந்துகொண்டே இருப்பார்கள். 2012-ல் சி ஷார்ப் 5 வந்தபோது ஃபார்ஈச் லூப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேரியபிள் என்று துணிந்து மாற்றினார்கள். அந்த ஆண்டுகளில் மைக்ரோசாஃப்டின் டெவலப்பர் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் எஸ். சோமசேகர், புதுச்சேரியில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். முடிவு மொழிக் குழுவினுடையது என்றாலும், பழைய நிரலை உடைக்கக்கூடிய ஒரு மாற்றத்தை அத்தனை பெரிய நிறுவனம் வெளியிட்டது சின்ன விஷயம் இல்லை. பழைய பாணி ஃபார் லூப்பை மட்டும் அவர்கள் தொடவில்லை. அங்கே வேரியபிளை ஏற்றி இறக்குவதை நிரலாளரே எழுதுகிறார் என்பது காரணம்.

இந்த வார்னிங்கின் பிறப்பு எனக்கு இங்கேதான் தெளிவாகிறது. மொழியை வகுப்பவர்கள் பழைய நிரல்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்: நேற்று ஓடியது நாளையும் ஓடும். அந்த வாக்கை மீற முடியாத இடத்தில் எரர் போட முடியாது. சும்மா இருக்கவும் மனம் வராது. இரண்டுக்கும் நடுவில் பிறப்பதுதான் வார்னிங்.

சி பிளஸ் பிளஸ் கதை கொஞ்சம் கொடியது. அங்கே வீடு உண்மையிலேயே இடிபடும். 2011-ல் லாம்டா வந்தபோது, எதை எப்படிப் பிடிக்கவேண்டும் என்பதைச் சதுர அடைப்புக்குள் நிரலாளரே சொல்லவேண்டும் என்று வைத்தார்கள். சமக்குறி போட்டால் நகல், ‘அண்ட்’ குறி போட்டால் விலாசம். நேர்மையான ஏற்பாடு. ஆனால் ஒரு வகுப்பின் உள்ளே சமக்குறி போட்டால் அந்தப் பொருள் நகலாவதில்லை, அதைச் சுட்டும் ‘திஸ்’ என்ற விலாசம் மட்டுமே நகலாகிறது. பத்திரமாக நகல் எடுத்துவிட்டோம் என்று நம்பிய நிரல்கள் பொருள் அழிந்த பிறகு பாழிடத்தைத் தொட்டன. 2020-ன் தரவரையறையில் அந்த மறைமுகப் பிடிப்பை ‘இனி வேண்டாம்’ பட்டியலில் வைத்தார்கள். கம்பைலர்கள் வார்னிங் தரத் தொடங்கின. உள்ளூர் வேரியபிளின் விலாசத்தைப் பிடித்த லாம்டாவை அப்படியே திருப்பி அனுப்பினால், அழியப்போகும் ஸ்டாக் இடத்தை வெளியே தருகிறாய் என்று கிளாங் சொல்லும். எந்த இடத்தில் பிடித்தாய் என்றும் கீழே ஒரு குறிப்புப் போடும்.

ஆனால் அதே லாம்டாவை ஒரு வரிசையில் போட்டுவைத்து, வேறு கோப்பில் இருக்கும் ஃபங்க்ஷன் அதைப் பிறகு ஓட்டினால் கிளாங் பேசாது. அது பெரும்பாலும் ஒரு ஃபங்க்ஷனை மட்டும் பார்த்துத்தான் முடிவு சொல்கிறது. எல்லை தாண்டிய லாம்டா எவ்வளவு நாள் வாழும் என்பது அதற்குத் தெரியாது. சந்தேகத்தின் பேரில் எல்லா இடத்திலும் கத்தலாம்தான். கத்தினால் பத்தில் ஒன்பது வீண் சத்தமாக இருக்கும், நிரலாளர் அந்த வார்னிங்கையே அணைத்துவிடுவார். நல்ல வார்னிங் எழுதுகிறவரின் திறமையில் பாதி, எங்கே பேசாமல் இருக்கவேண்டும் என்று அறிவதில் இருக்கிறது. ரஸ்ட் வேறு வழி போனது. ஒரு விலாசம் எவ்வளவு காலம் செல்லும் என்பதையே டைப்பின் பகுதியாக்கியது. 2015-ல் அதன் முதல் நிலையான பதிப்பு வந்த காலத்திலிருந்தே, லாம்டா தன்னைப் பெற்ற ஃபங்க்ஷனைவிட நீண்டு வாழக்கூடும் என்றால் எரர்தான். ‘மூவ்’ போட்டுப் பார் என்ற யோசனையும் கூடவே வரும். தொடக்கத்திலேயே அப்படி வகுத்ததால், உடைக்க அங்கே பழைய நிரல் இல்லை.

கோ மொழியின் கதையை நான் மாணவர்களுக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். நம் எல்லோர் பிரவுசரிலும் கைவைத்த கதை அது.

கோ மொழியில் லாம்டாவும் லூப்பும் சி ஷார்ப்பின் பழைய சிக்கலையே கொண்டிருந்தன. ‘கோ வெட்’ என்ற சோதனைக் கருவி ஒரு வார்னிங் வைத்திருந்தது. லூப் உடலின் கடைசி வாக்கியமாகத் தனி ஓட்டத்தில் ஒரு ஃபங்க்ஷனைக் கிளப்பி, அது லூப் வேரியபிளைப் பிடித்தால் சொல்லும். ஏன் கடைசி வாக்கியம் மட்டும்? அதற்குப் பிறகு ஒரு வரி இருந்தால், அந்த வரியே லாம்டா முடியும்வரை காத்திருக்கலாம், அப்போது பிழையில்லை. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்வது என்பது அவர்களின் கொள்கை.

இணையதளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் ‘போல்டர்’ சர்வர் கோ மொழியில் எழுதப்பட்டது. ஒரு தளத்துக்குச் சான்றிதழ் தரலாமா என்பதை அந்தத் தளத்தின் சிஏஏ பதிவில் பார்க்கவேண்டும். ஒரே விண்ணப்பத்தில் பல தளப்பெயர்கள் வந்து, அவற்றை மறுபடி சரிபார்க்க நேர்ந்தால், போல்டர் அவற்றில் ஒரே ஒரு பெயரை எடுத்து, எத்தனை பெயரோ அத்தனை தடவை அதையே சரிபார்த்தது. கோரிப்பாளையம், கோரிப்பாளையம், கோரிப்பாளையம். பிழை 2019 ஜூலை 25 அன்று உள்ளே வந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று கண்டுபிடித்தார்கள். சிக்கியவை 30,48,289 சான்றிதழ்கள். அப்போது நடப்பில் இருந்த சுமார் 11.6 கோடியில் 2.6 சதவீதம். சில நாள் அவகாசத்தில் 17 லட்சத்துக்கு மேல் ரத்து செய்தார்கள். மீதியை ரத்து செய்தால் தளங்கள் முடங்கும் என்பதால், 90 நாளில் தானே காலாவதியாகட்டும் என்று விட்டார்கள்.

அந்த நிரல் வரிகளைப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். எழுதியவருக்கு இந்த ஆபத்து தெரியும். லூப் தரும் இரண்டு வேரியபிள்களில் முதலாவதற்கு, ‘நகல்’ என்றே பெயர் வைத்து ஒரு நகலை எடுத்திருக்கிறார். இரண்டாவதன் விலாசம் வேறொரு ஃபங்க்ஷனுக்குப் போகிறது. அந்த ஃபங்க்ஷனோ அதன் உள்ளுறுப்புகளின் விலாசங்களைத் தான் திருப்பித் தருவதில் வைத்துக்கொள்கிறது. அது கண்ணில் படவில்லை. லாம்டாவே அங்கே இல்லாததால் ‘கோ வெட்’ கருவியும் பேசவில்லை. பிடிப்பு ஒன்றுதான், வழி மட்டும் வேறு.

கோ குழுவின் ரஸ் காக்ஸும் டேவிட் சேஸும் மொழியை மாற்றும் பரிந்துரையை முன்வைத்தபோது இந்த நிகழ்வையும் சான்றாக வைத்தார்கள். கூகுளின் உள்ளே 2023 மே மாதம் முதலே புதிய நடத்தையை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் வெளியான கோ 1.22-ல் ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேரியபிள் என்றாயிற்று. சி ஷார்ப் தொடாமல் விட்ட பழைய பாணி ஃபார் லூப்புக்கும் சேர்த்து. பழைய நிரலுக்குக் கொடுத்த வாக்கு? ஒவ்வொரு திட்டமும் தன் கோப்பில் எந்தக் கோ பதிப்புக்காக எழுதப்பட்டது என்று ஒரு வரி வைத்திருக்கும். அந்த வரி 1.22-ஐத் தொட்டால்தான் புது விதி. வார்னிங்கால் எட்ட முடியாத இடத்தை, வாக்கையும் காப்பாற்றிக்கொண்டு இப்படிக் கடந்தார்கள். இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மிச்சம் இருப்பது மூன்றாவது ஆபத்து, ஒரே வேரியபிளில் இரண்டு ஓட்டங்கள் ஒரே நேரத்தில் கைவைப்பது. ஸ்விஃப்ட் 2021-ல் 5.5 பதிப்பில் ‘சென்டபிள்’ என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் ஓடக்கூடிய லாம்டா மாறக்கூடிய வேரியபிளைப் பிடித்தால் கம்பைலர் கேள்வி கேட்கும். பெரும்பாலும் வார்னிங்காக இருந்த இந்தச் சோதனைகள் 2024 செப்டம்பரில் வந்த ஸ்விஃப்ட் 6 முறையில் எரராகின. அந்த முறைக்கு மாறுவதா என்பதைத் திட்டமே தேர்ந்துகொள்ளலாம். கோ செய்த அதே ஏற்பாடு.

இந்தக் களத்தில் நம் ஊர்ப்பக்கத்துப் பங்கும் உண்டு. ஓகேமல் மொழிக்குப் பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடும் வசதியைக் கொண்டுவந்த முயற்சியின் முன்னணியில் இருந்தவர்களில் சென்னை ஐஐடியின் கே.சி. சிவராமகிருஷ்ணன் ஒருவர். ஓடிக்கொண்டிருக்கும் பழைய மொழிக்குள் இதை எப்படிப் பொருத்துவது என்ற கட்டுரை 2020-ல் வந்தது. 2022 டிசம்பரில் ஓகேமல் 5.0 வெளியானது. ஓகேமலில் சாதாரணப் பெயர்கள் மாறாதவை. லூப்பின் எண்ணும் சுற்றுக்குச் சுற்று புதிது. அதனால் மாணவியின் பிழை அங்கே வர வழியில்லை. ஆனால் ‘ரெஃப்’ என்று அறிவித்த மாறக்கூடிய பெட்டி ஒன்றை லாம்டாவுக்குள் பிடித்து, ‘டொமைன்’ என்ற தனி ஓட்டத்துக்கு அனுப்பினால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. இரண்டு ஓட்டங்களும் அந்தப் பெட்டியில் மோதிக்கொள்ளலாம். மோதினாலும் நிரல் மெமரியைச் சிதைத்துக்கொண்டு விழாது, கெடுதல் அந்த இடத்தோடும் அந்த நேரத்தோடும் நிற்கும் என்பதற்கு சிவராமகிருஷ்ணனும் ஸ்டீபன் டோலனும் அனில் மாதவபெட்டியும் 2018-லேயே கணிதபூர்வமாக அடித்தளம் போட்டிருந்தார்கள்.

2024-ல் வந்த 5.2 பதிப்பில் ‘த்ரெட் சானிடைசர்’ ஆதரவு சேர்ந்தது. இப்போது அதை இயக்கிவிட்டு நிரலை ஓட்டினால், எந்த வரியும் எந்த வரியும் மோதின என்று அறிக்கை வரும். அந்தப் பாதை ஒரு தடவையாவது ஓடியிருந்தால்தான் வரும். ஓடாமலே, எழுதும்போதே சொல்லும் வகையில் டைப்புகளை விரிக்கும் வேலை ஓகேமல் உலகில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பைத்தான் எழுதுகிறவர்களுக்கு பைலின்ட்டிலும், ஃப்ளேக்8-க்கான பக்பேர் துணைக்கருவியிலும் லூப் வேரியபிள் பிடிப்புக்கு வார்னிங் உண்டு. தனியாக நிறுவி ஓட்டவேண்டும். எங்கள் மாடி அறையின் எல்லாக் கணினிகளிலும் இரண்டையும் ஏற்றி வைத்திருக்கிறோம்.